முழங்காலில் வலி, இடுப்பில் கோளாறு

திண்டிவனத்தில் ஏழு வயதுப் பையன் முழங்கால் வலிக்கிறது என்று விந்தி நடந்தால், இடுப்பையும் பார்க்க வேண்டும். இரண்டு மூட்டுக்கும் பொதுவான நரம்பு இருப்பதால் வலி இடம் மாறித் தெரியும்.

அப்படி முழங்கால் வலியாகத் தெரியும் இடுப்புக் கோளாறுகளில் ஒன்று பெர்தஸ் நோய். அதில் தொடை எலும்பின் பந்துமுனைக்கு ரத்தம் குறைகிறது. எலும்பு மென்மையாகி நசுங்கி, பிறகு தானே வளர்கிறது. அதற்குச் சில ஆண்டுகளாகும். ஏன் ரத்தம் குறைகிறது? 1910-இல் மூன்று நாட்டு மருத்துவர்கள் தனித்தனியே இந்நோயை விவரித்தும் இன்னும் விடை இல்லை.

எலும்பு மீண்டும் வளரும்வரை தினமும் வீட்டில் பயிற்சி, குதிக்கத் தடை. பிரிட்டனில் குழந்தைகளையும் பெற்றோரையும் கேட்டே இந்த வீட்டுப் பயிற்சிக்குக் கைபேசிச் செயலி உருவாக்குகிறார்கள். நமக்கும் வேண்டும்: முண்டியம்பாக்கம் மருத்துவமனைக்கு ஒருமுறை போனாலே ஒருநாள் கூலி போகிறதே! ஆனால் அந்தச் செயலி தமிழில் பேச வேண்டும், சிக்னல் இல்லாமலும் ஓட வேண்டும். அப்பா போனோடு வேலைக்குப் போய்விடுவார் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.