கட்சி கடந்த கல்விப்பணி

மணவூரை அடுத்த திருத்தணிப் பகுதி 1960 ஏப்ரல் முதல் நாள் ஆந்திரத்தினின்று சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஒரே நாளில் ஆட்சி மாறிய அவ்வெல்லைப் பள்ளிகளை எண்ணுங்கால், ஆட்சி மாறினும் நிலைபெறும் கல்வித்திட்டம் யாது என்னும் வினா நம்முன் எழுகின்றது.

விடையைப் பள்ளியுணவின் வரலாறு தருகின்றது. நீதிக்கட்சியின் பிட்டி. தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி 1920இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் உணவளிக்க முற்பட்டது. காங்கிரசின் காமராசர் 1956இல் மதிய உணவை மாநிலமெங்கும் பரப்பலானார், அ.தி.மு.க.வின் எம்.ஜி. இராமச்சந்திரன் 1982இல் சத்துணவாக விரித்தார், தி.மு.க.வின் மு. கருணாநிதி 1989இல் முட்டை சேர்த்தார், அக்கட்சியின் மு.க. ஸ்டாலின் 2022இல் காலையுணவைக் கூட்டினார். கொள்கையால் மாறுபட்டவரே இவர். எனினும் முன்னவர் இட்ட இலையைப் பின்னவர் எடுத்திலர்.

மாறாக, 1953இல் இராசாசி பள்ளிநேரத்தைக் குறைத்துக் கொணர்ந்த திட்டம் மறு ஆண்டே கைவிடப்பட்டது. பிள்ளையைப் பள்ளிக்கு ஈர்ப்பது நிலைக்கும், பள்ளியினின்று விலக்குவது நில்லாது என்பது இதனாற் பெறப்படும். உணவில் எய்திய இவ்வொருமையைக் கற்பித்தலிலும் எய்துதலே இனி வேண்டுவது என்பது எம் துணிபு.