கொழுந்து அனுப்பும் தூது

புல்லும் மரமும் ஓரறிவுயிர், அவற்றுக்கு உற்றறியும் உணர்வு மட்டுமே உண்டு என்று தொல்காப்பியர் மரபியலில் வகுத்தார். இதனை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எங்கள் பொகவந்தலாவை மலைகளில் கொழுந்தைப் பிடிக்கும் கொப்புள நோய்தான் என் நினைவுக்கு வரும்.

வைகாசி, ஆனி மழையில், வெயில் முகம் காட்டாத நாட்களில் அது வரும். இளங்கொழுந்தில் எண்ணெய் பட்டாற்போல ஒரு புள்ளி. பின்னர் மேற்பக்கம் குழிந்து, அடிப்பக்கம் வெண்கொப்புளமாகப் புடைக்கும். முற்றிய இலையை அது நாடாது. நாம் பறிக்கும் இளசுதான் அதற்கும் வேண்டும். 1946இல் இலங்கைத் தேயிலையில் காணப்பட்ட பின்னர், பெரும்பாலும் செப்பு மருந்து தெளித்தே அதனை அடக்கி வந்திருக்கிறோம். மருந்தடித்த மலையில் கொழுந்தெடுத்து வரும் அம்மாவின் விரலிடுக்கில் நீலம் படிந்திருந்ததைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். கொப்புளக் கொழுந்தென்று நிறுவையில் கழித்த நாட்களும் உண்டு.

பங்கசு வித்தி இலைமேல் முளைவிட்டதும் இலையின் கலம் அதனை உற்று அறிகிறது. அயற்கலங்களுக்கு எப்படிச் சொல்வது? நரம்பில்லை, குருதியில்லை. அது அனுப்பும் தூதுகளில் ஒன்று நைத்திரிக் ஒட்சைட்டு என்னும் வாயு. நைதரசன் அணு ஒன்று, ஒட்சிசன் அணு ஒன்று, அவ்வளவு சிறியது. ஆகவே கலமென்சவ்வை எளிதில் கடக்கும். சில செக்கன்களில் மறைந்தும் போகும். நம் தூது நூல்களில் கிளியும் அன்னமும் மாலை வாங்கித் திரும்ப வேண்டும். இந்தத் தூதுக்குத் திரும்பும் வழக்கமில்லை.

மனிதரின் குருதிக்குழாயைத் தளர்த்துவதும் இதே வாயுதான். அதைக் கண்ட மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. தாவரத்தின் நோய்க்காப்பில் அதற்குள்ள பங்கும் அதே ஆண்டில் வெளியாயிற்று. ஆனால் நம் உடலில் அதனை ஆக்கும் நொதியத்துக்கு ஒத்தது நிலத்தாவரங்களில் அகப்படவில்லை. அவற்றின் வழி வேறு. வேர் உறிஞ்சிய நைத்திரேற்றை நைத்திரைற்றாக மாற்றும் நொதியமே, அதிலும் சிறிதளவை இவ்வாயுவாக்கி விடுகிறது. சோறாக்கும் அடுப்பிலேயே தீப்பந்தமும் கொளுத்திக்கொள்வது போல. சேதி பெற்ற கலங்கள் சுவரைத் தடிப்பாக்கும். தொற்றிய கலம் சிலவேளை தானே மடிந்து பகைக்கு உணவில்லாமற் செய்யும்.

2017இல் கல்கத்தாப் பல்கலைக்கழக ஆய்வாளர் இதனைத் தேயிலையிலேயே காட்டினர். இறால், நண்டு ஓடுகளிலிருந்து பெறும் கைற்றோசனை இலைக்குத் தெளித்தார்கள். பங்கசின் சுவரிலும் அத்தகைய பொருள் உண்டு. செடி பகை வந்ததென்றே எண்ணிக்கொண்டது. வாயு கூடியது, கொப்புளம் குறைந்தது. வாயுவைத் தடுத்தபோது காப்பும் தளர்ந்தது.

ஆய்வில் கண்டது எங்கள் அடைமழையில் நின்றுபிடிக்க வேண்டும். விலையும் கட்டுப்படியாக வேண்டும். அம்மாவிடம் இதைச் சொன்னேன்.

"எறா ஓடா? அப்ப கையில நீலம் ஒட்டாதுல்ல?" என்றார்.