மின்பொறிக்கு அணையிடும் தகடுகள்

மின்சாரத்தை நன்கு கடத்தும் பொருளே மின் கருவிகளுக்கு உகந்தது என்ற எண்ணம் எம்மிடையே வேரூன்றியுள்ளது. ஆனால் கதிர்வீச்சை உணரும் வாயுக் கருவிகளைக் காத்து வருவது மின்சாரத்தை அரைகுறையாகக் கடத்தும் பொருள்களே.

இக்கருவிகளின் அடிப்படை எளிமையானது. வாயு நிரம்பிய இடைவெளியொன்றுக்கு உயர் மின்னழுத்தம் கொடுக்கப்படுகின்றது. அதனூடாக விரையும் துணிக்கை, வாயு அணுக்களிலிருந்து சில இலத்திரன்களைப் பெயர்த்துவிடுகின்றது. அவை மின்புலத்தால் உந்தப்பட்டு மேலும் பலவற்றைப் பெயர்க்க, மலைச்சரிவில் உருளும் கற்களைப் போல அவற்றின் தொகை பெருகுகின்றது. இப்பெருக்கம் இல்லையேல் அளப்பதற்கு எதுவும் இராது. எனினும் ஒரு பெருக்கத்தில் தோன்றும் இலத்திரன்கள் ஒரு கோடி தொடக்கம் பத்துக் கோடி வரையான எல்லையை மீறுமாயின் அது மின்பொறியாகிவிடும். உலோகத் தகடுகளாயின், தகடு முழுவதிலும் தேங்கிய மின்னேற்றம் கணப்பொழுதில் அந்த ஒரே புள்ளிக்குப் பாய்கின்றது. மேற்பரப்பு கருகலாம்; நுண்ணிய இலத்திரனியற் சுற்றுகள் அழியலாம்; மின்னழுத்தம் மீளும் வரை கருவி முழுவதுமே குருடாகிவிடும்.

1970களில் சோவியத் நாட்டின் நொவோசிபிர்ஸ்க்கில் பெஸ்தோவ் குழுவினர் உலோகத்துக்குப் பதிலாகத் தனிவகைக் கண்ணாடியைப் பயன்படுத்தினர். 1981 இல் இத்தாலியரான சன்ரோனிக்கோவும் கார்டரெல்லியும் அதனிலும் மலிவான வழியொன்றைக் காட்டினர். அவர்கள் தேர்ந்தது பேக்கலைற். பழைய வீடுகளின் கறுப்பு மின் சுவிட்சுகளில் நாம் கண்ட அதே பொருள்தான். ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரு தகடுகள், அவற்றிடையே அதேயளவு இடைவெளி, 10,000 வோல்ற் அளவிலான மின்னழுத்தம், கருவி அவ்வளவே. பொறி எழுந்ததும் அவ்விடத்து மின்னேற்றம் தீர்ந்துவிடுகின்றது. அயலிலுள்ள மின்னேற்றம் தகட்டின் தடையைக் கடந்து விரைந்து வர இயலாமையால் பொறி தானாகவே அணைகின்றது. குருடாவது சிறு புள்ளி மாத்திரமே. ஏனைய பரப்பு வழமைபோல் இயங்கும். விரைவான மின்துடிப்போ தகட்டுக்கு அப்பாலுள்ள செப்புப் பட்டிகளிலும் உணரப்படுகின்றது.

இப்பாதுகாப்புக்கு விலையும் உண்டு. வற்றிய புள்ளி மீண்டும் மின்னேற்றம் பெற, பேக்கலைற்றில் நூறிலொரு செக்கன் அளவும் சாதாரண கண்ணாடியில் ஒரு செக்கன் அளவும் செல்லலாம். அதற்குள் அவ்விடத்தில் விழும் துணிக்கை பதிவாகாது. தடை மிகுந்தால் வேகம் குறையும். தடை குறைந்தால் பொறி திரும்பும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பாதை மிகக் குறுகியது என்பதே எமது கணிப்பு.

அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் ஆய்வுகூடத்தில் 1999 இல் இயங்கத் தொடங்கிய பாபார் பரிசோதனை இதனைக் கசப்புடன் உணர்த்தியது. பேக்கலைற் தகடுகளின் உட்புறத்தை மழமழப்பாக்க ஆளிவிதை எண்ணெய் பூசும் வழக்கம் இருந்தது. முதற் கோடையிலேயே வெப்பநிலை 30 பாகை செல்சியசைத் தாண்டியது. வெப்பம் ஏறத் தகட்டின் தடை இறங்கும், மின்னோட்டம் கூடும். நன்கு உறையாத எண்ணெய் துளிகளாகி இரு தகடுகளுக்கும் பாலமிட்டது. கருவிகளின் திறன் சரிந்தது. முற்பகுதிக் கருவிகள் 2002 இல் மாற்றப்பட்டன. நுட்பமான பௌதிகவியற் பரிசோதனையொன்றை எண்ணெய்த் துளிகள் தடுமாறச் செய்தமை விந்தையே. ஆனால் இப்பட்டறிவு வீணாகவில்லை. பின்னர் சேர்ன் ஆய்வுகூடத்தின் பெரும் பரிசோதனைகளில் மியூவோன் துணிக்கைகளை உணர இத்தகைய கருவிகள் பெரும் பரப்பில் பொருத்தப்பட்டபோது, தயாரிப்பிலும் வெப்பக் கட்டுப்பாட்டிலும் கூடிய கவனம் செலுத்தப்பட்டது.

1996 இல் அறிமுகமான மைக்ரோமெகாஸ் என்னும் கருவியில் இடைவெளி மில்லிமீற்றரின் பத்திலொரு பங்களவே. ஆகவே பொறியின் தொல்லையும் பெரிது. செப்புப் பட்டிகளின் மேல் மின்காப்புப் படையொன்றும், அதன்மேல் காபன் கலந்த தடைப் பட்டிகளும் இட்டு இதற்குத் தீர்வு காணப்பட்டது. அற்லஸ் பரிசோதனைக்காக 2021 இல் நிலக்கீழ் மண்டபத்தினுள் இறக்கப்பட்ட இரு சக்கரங்களில் இவையே உள்ளன. தயாரிப்பின்போது தடைப் பட்டிகளின் ஓரங்களில் தடை போதாதிருந்தமை தெரியவர, அப்பகுதிகள் மூடிக் காப்பிடப்பட்டன. ஆகன், காபனீரொட்சைட்டுக் கலவையில் 2 சதவீத ஐசோபியூட்டேனும் சேர்க்கப்பட்டது. நிலத்தின் கீழ் இறக்கிய கருவியைத் திறந்து பழுதுபார்ப்பது எளிதன்று. எனவேதான் மின்பொறியுடனான கணக்கு மேலே இருக்கும்போதே தீர்க்கப்படுகின்றது.