18வது அட்சக்கோடு: சந்திரசேகரன் எப்போது பெரியவன் ஆனான்?

சிறுவர்கள் வளர்ந்து வெகுளித்தனத்தை இழக்கிற நாவல் என்று பேச்சு வந்தால், ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ பெயர்தான் முதலில் வரும். 1960இல் வந்த நாவல். நல்ல நாவல்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அதில் வரும் ஸ்கவுட் என்ற சிறுமிக்கு ஒரு பெரிய வசதி இருக்கு. அவள் அப்பா வக்கீல், நியாயஸ்தர். ஊரில் எவ்வளவு அசிங்கம் நடந்தாலும் அதைப் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கிச் சொல்ல அவர் இருக்கிறார். ஊர் கெட்டது, அப்பா நல்லவர், நாம் அப்பா பக்கம். வாசகருக்கும் அந்தப் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கும்.

அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ நாவலில் அந்த நாற்காலி கிடையாது. 1977இல் வந்தது. களம் செகந்தராபாத், காலம் நிஜாம் ஆட்சியின் கடைசி நாட்கள். சந்திரசேகரனின் அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. குடியிருப்பில் அக்கம்பக்கம் முஸ்லிம் குடும்பம், ஆங்கிலோ இந்தியக் குடும்பம். பையனுக்கு உலகமே கிரிக்கெட். வீட்டில் தமிழ், வெளியே உருதுவும் தெலுங்கும். அவனைச் சுற்றி ஒரு சமஸ்தானமே கவிழ்ந்துகொண்டிருக்கு. அவனுக்கு யாரும் உட்கார்ந்து எதையும் விளக்குவதில்லை. பெரியவர்களுக்கே புரியாத விஷயத்தை அவர்கள் எங்கே போய் விளக்குவது?

கதைக்குப் பின்னால் இருக்கும் வரலாற்றைக் கொஞ்சம் சொல்லிவிடணும், இல்லையென்றால் முடிவு பிடிபடாது. 1947 ஆகஸ்டில் ஐதராபாத் சமஸ்தானம் இந்தியாவோடு சேரவில்லை. ஆள்பவர் முஸ்லிம், மக்களில் பெரும்பான்மை இந்துக்கள். நவம்பர் 29இல் ஓராண்டுக்கு நடப்பு நிலை ஒப்பந்தம் போட்டார்கள். இன்னொரு பக்கம் காசிம் ரஸ்வியின் ரஜாக்கர் படை ஊர் ஊராக அட்டூழியம் செய்தது. 1948 செப்டம்பர் 13 அன்று இந்திய ராணுவம் உள்ளே போனது. 17ஆம் தேதி நிஜாம் பணிந்துவிட்டார். ராணுவம் போனதற்குப் பெயர் என்னவோ ‘போலீஸ் நடவடிக்கை’! பள்ளிப் பாடத்தில் இது அநேகமாக இரண்டு வரி, படேல் படத்தோடு.

அதற்கப்புறம் நடந்ததுதான் பாடத்தில் வராதது. ரஜாக்கர்கள் மீது இருந்த கோபம் சாதாரண முஸ்லிம்கள் மீது திரும்பியது. விசாரிக்கச் சொல்லி நேரு அனுப்பிய பண்டிட் சுந்தர்லால் குழு, 27,000 முதல் 40,000 பேர் வரை செத்திருக்கலாம் என்று கணக்குச் சொன்னது. உஸ்மானாபாத், குல்பர்கா, பீதர், நாந்தேடு மாவட்டங்களில்தான் மிக மோசம். அரசாங்கம் அந்த அறிக்கையைப் பல பத்தாண்டுகள் வெளியிடவில்லை. அதாவது 1977இல் இந்த நாவலைக் கையில் எடுத்த தமிழ் வாசகருக்கு அந்தக் கணக்கு தெரிந்திருக்க வாய்ப்பே குறைவு. அவருக்குக் கிடைத்தது ஒரு வீடும் ஒரு பெண்ணும்தான்.

இனி முடிவைச் சொல்லாமல் பேச முடியாது. படிக்காதவர்கள் படித்துவிட்டு வரலாம்.

ஊரில் கலவரம். அந்தக் களேபரத்தில் சந்திரசேகரன் ஒரு வீட்டுக்குள் போய்விடுகிறான். உள்ளே ஒரு முஸ்லிம் குடும்பம் ஒண்டிக்கொண்டிருக்கிறது. அவர்களைக் கொல்ல வந்தவன் என்றுதான் அவனை நினைக்கிறார்கள். கிட்டத்தட்ட அவன் வயதே இருக்கும் ஒரு பெண் முன்னால் வந்து, மற்றவர்களை விட்டுவிடச் சொல்லித் தன் உடையைக் கழற்றுகிறாள். சந்திரசேகரன் ஓடுகிறான். நாவல் அங்கே முடிகிறது.

இந்தக் காட்சியைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலும், அந்தப் பெண்ணின் நிலையைப் பார்த்து அவன் மனிதத்தன்மை விழித்துக்கொள்கிறது என்பார்கள். எனக்கு அது போதவில்லை. அதிர்ச்சி அவன் எதைப் பார்த்தான் என்பதில் மட்டும் இல்லை, அவள் எதைப் பார்த்தாள் என்பதிலும் இருக்கு. அவள் கண்ணுக்குத் தெரிந்தது கிரிக்கெட் ஆடும் பையன் இல்லை. உள்ளே நுழைந்த ஒரு ஆண்பிள்ளை, ஒரு இந்து. நாவல் முழுக்க அவன் நாட்டுநடப்பை எல்லாம் கொஞ்சம் ஓரமாக நின்றுதான் பார்த்து வந்தான். கல்லூரியில் மறியல் என்றால் கூட்டத்தோடு நிற்பான், ஆனாலும் மனசுக்குள் ‘நான் இதில் சேர்த்தியில்லை’. வெகுளித்தனம் என்று நாம் சொல்வது இந்த நினைப்பைத்தான். உலகம் நல்லது என்று நம்புவதைவிட, இதில் எனக்குப் பங்கில்லை என்று நம்புவது. அவன் பெரியவன் ஆகிவிட்டான் என்பதை அவனுக்குச் சொன்னது அப்பா இல்லை, வாத்தியார் இல்லை. அவளுடைய பயம்.

நாவலின் கட்டுமானமும் இதற்கு ஒத்துப்போகிறது. சில இடங்களில் ‘நான்’ என்று சந்திரசேகரனே சொல்லுவான், சில இடங்களில் கதை அவனை ‘அவன்’ என்று வெளியிலிருந்து சொல்லும். முதல் தடவை படிக்கும்போது ஏன் இப்படி மாற்றி மாற்றி எழுதியிருக்கிறார் என்று கொஞ்சம் எரிச்சல்கூட வரும். ஒருவன் உள்ளுக்குள் தன்னை யாரென்று நினைக்கிறான், தெருவில் போகும்போது மற்றவர்கள் கண்ணில் யாராகத் தெரிகிறான் என்ற இரண்டும் அதுவரைக்கும் தனித்தனியாக ஓடுகின்றன. அந்த வீட்டில் முட்டிக்கொள்கின்றன. அசோகமித்திரன் பிறந்தது 1931 செப்டம்பர் 22, செகந்தராபாத்தில். நிஜாம் பணிந்த அன்று அவருக்கு 17 வயது நிறைய ஐந்தே நாள் பாக்கி. 1952இல் சென்னைக்கு வந்தவர் இதை எழுதி நூலாக்க இன்னும் 25 வருஷம் ஆகியிருக்கு.

இதைக் கும்மிடிப்பூண்டியில் உட்கார்ந்து படிக்கும்போது வேறொன்றும் தோன்றும். வேலை கூட்டிக்கொண்டு வந்த ஊரில், வீட்டில் ஒரு பாஷையும் தெருவில் வேறு பாஷையுமாக வளரும் பிள்ளைகள் இங்கே எத்தனை பேர்! ஆந்திர எல்லை என்பதால் தெலுங்கு எப்போதும் உண்டு. சிப்காட்டில் உருக்கு ஆலைகளுக்கும் மற்ற கம்பெனிகளுக்கும் பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் இந்தியோ போஜ்புரியோ ஒடியாவோ பேசிக்கொண்டே தமிழ் எழுத்து படிக்கிறார்கள். பத்து வருஷம் கழித்து இவர்களில் ஒருவர் தமிழிலேயே நாவல் எழுதினால் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஆனால் நான் அதிகம் யோசிப்பது நம்ம வீட்டுப் பையன்களைப் பற்றி. ‘வடக்கன்’ என்ற சொல்லை அவர்கள் யாரும் சொல்லிக்கொடுத்துக் கற்பதில்லை, டீக்கடையில் நின்றாலே ஒட்டிக்கொள்ளும். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வட மாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. சம்பந்தமே இல்லாத சம்பவங்களின் காட்சிகள். பீகார் அரசே ஒரு குழுவை அனுப்பி விசாரித்துவிட்டு அவை பொய் என்றது. அதற்குள் பயந்துபோய் எத்தனையோ பேர் ரயில் ஏறிவிட்டார்கள். செய்தி பொய். பயம் நிஜம். யாரைப் பார்த்துப் பயம்? டியூஷன் முடிந்து சைக்கிளில் வரும் பிளஸ் ஒன் பையனும் அந்தக் கணக்கில் உண்டு. அவன் எதுவும் செய்யவில்லை. சந்திரசேகரனும் எதுவும் செய்யவில்லையே. 1948 செகந்தராபாத்தும் இதுவும் ஒன்று என்று சொல்ல வரவில்லை, அங்கே பிணங்கள் விழுந்தன. பையன் நிற்கிற இடம் மட்டும் ஒன்றுதான்.

இந்த நாவலைப் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஆசிரியர். தயங்கியது கடைசிக் காட்சியால்தான். பெற்றோர் என்ன சொல்வார்களோ என்ற கவலை. அவர் தயக்கம் நியாயம், ஒரு புகார் போனால் மாட்டிக்கொள்வது அவர்தான். ஆனாலும் கொடுங்க சார் என்றேன். அந்தக் காட்சியில் கிளர்ச்சிக்கு எழுதின வரி ஒன்றுகூட இல்லை. படிக்கிற பையன் ஓடத்தான் பார்ப்பான். முந்தின நாள் ஐதராபாத் சேர்ப்பைப் பற்றி ஒரு பீரியட் எடுத்துவிட்டுக் கொடுங்கள், பிறகு ஒரே கேள்வி கேளுங்கள்: அந்தப் பெண்ணுக்கு எத்தனை வயசு இருக்கும்? வகுப்பில் இருப்பவர்களின் வயசுதான்.