ஆரன் தீவில் மெய்யும் புனைவும்

அயர்லாந்து தேசத்தின் மேற்குக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக் சமுத்திரத்தில் கிடக்கும் ஆரன் தீவுகள் மூன்றும் பெரும்பாலும் வெறும் சுண்ணாம்புப் பாறைகள். பாறை இடுக்கில் அகப்படும் பிடி மண்ணோடு, கரையிலிருந்து சுமந்து வந்த கடற்பாசியையும் மணலையும் பரப்பி, விளைநிலத்தையே தம் கைகளால் சிருஷ்டித்து, அதில் உருளைக்கிழங்கு பயிரிட்டு ஜீவித்த அத்தீவு ஜனங்களைப் பற்றி ராபர்ட் ஃபிளாஹர்டி என்னும் அமெரிக்கர் எடுத்த ‘மேன் ஆஃப் ஆரன்’ என்ற படம், 1934-இல் வெளிவந்து, அவ்வாண்டே வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த அந்நியப் படத்துக்குரிய பரிசையும் பெற்றது.

தொழில்முறை நடிகர் ஒருவருமின்றி, தீவு வாசிகளையே கொண்டு எடுத்த அப்படத்தில் தந்தை, தாய், மகன் என்று தோன்றும் மூவரும் ஒரே குடும்பத்தினர் அல்லர்; முகப்பொலிவு பார்த்துத் தெரிந்தெடுத்து, ஒரு கூரையின்கீழ் சேர்த்து வைக்கப்பட்டவர்கள். படத்துக்கு உச்சமாய் அமைந்த பெருஞ்சுறா வேட்டையோ, அதன் ஈரல் எண்ணெயால் விளக்கெரித்த காலத்தோடு மறைந்துபோன தொழிலாகையால், எறியீட்டி வீசும் வித்தையை அம்மீனவர்களுக்குப் புதிதாகக் கற்பித்த பின்னரே படம் பிடிக்க முடிந்தது.

ஃபிளாஹர்டிக்கு இது புதிய வழக்கமன்று. 1922-இல் வந்த ‘நானூக் ஆஃப் தி நார்த்’ படத்திலேயே, துப்பாக்கி அறிந்த வடதுருவப் பிரதேச வேடர்களை அவர் பழைய ஈட்டியோடு வேட்டையாடச் செய்தார். பனிக்கட்டி வீட்டினுள் காமிராவுக்குப் போதிய வெளிச்சமில்லாமையால், பாதி திறந்த வீடொன்றைக் கட்டுவித்தார். கருவிகளின் குறைபாடு ஒரு காரணமென்றால், மறைந்துவரும் வாழ்க்கை முறையை மறையுமுன் பதித்துவிட வேண்டுமென்ற தாகம் மற்றொரு காரணம்.

எனினும், ஆரன் படத்தில், மரச்சட்டத்தின்மேல் தார் பூசிய துணி போர்த்த மெல்லிய படகிலேறி, மலைபோல் எழும் அலைகளினூடே அத்தீவு மனிதர்கள் துடுப்புப் போட்டது நடிப்பேயாயினும், அவர்களைச் சூழ்ந்த பிராணாபாயம் வாஸ்தவமானது.

ஆகவே, பழைய வேட்டையை மறுபடி நடத்திக் காட்டியதை மட்டும் பெருங்குற்றமாகக் கொள்வதற்கில்லை. அது நிகழ்காலத்து வழக்கம்போல் ஜனங்கள் முன் வைக்கப்பட்டதே குறை. அதனினும் பெரிய குறை ஒன்றை அக்காலத்து இடதுசாரி விமர்சகர்கள் சுட்டினார்கள். கடலையும் பாறையையும் தவிர இத்தீவினருக்கு வேறு பகையே இல்லாததுபோல் படம் காட்டுகிறது. ஆனால் நிலச்சுவான்தாருக்குக் கட்டிய வாரமும், கட்டத் தவறியவர்கள் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டதும், பிழைப்புத் தேடி அமெரிக்கா சென்றதும் அத்தீவின் சரித்திரம். 1978-இல் ஜார்ஜ் ஸ்டோனி என்பவர் அங்கு சென்று, இப்படம் உருவான விதத்தையே மற்றொரு படமாக எடுத்தார்.

சேர்த்த புனைவைப் பிற்காலத்தார் விசாரித்துக் கண்டுகொள்ளலாம். திரைக்கு வராமலே விடப்பட்ட வறுமையின் காரணங்களையோ, படத்தை மட்டும் பார்ப்பவர் ஒருபோதும் தேட மாட்டார்.