விளையும் பயிர் முளையிலே தெரியுமா?



மேட்டூர் அணை திறந்து, காவிரித் தண்ணீர் கல்லணையைத் தாண்டித் தஞ்சை வயல்களுக்கு வந்து சேரும் நாட்களில் ஒரு நாற்றங்கால் ஓரமாக நின்று பாருங்கள். எல்லா நாற்றும் ஒரே பச்சை. எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரம். இவற்றுள் எது நிறையத் தூர் கட்டும், எதில் கதிர் நீளமாக வரும், எது காற்றில் சாய்ந்துவிடும் என்று இப்போதே சொல்ல முடியுமா?

'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்கிறது பழமொழி. பள்ளிக்கூடத்தில் யாராவது வேகமாக ஓடினாலும், உயரமாகத் தாண்டினாலும் பெரியவர்கள் உடனே இதைச் சொல்வார்கள். கேட்டுத் தலையாட்டுவது எளிது. சோதித்துப் பார்ப்பதுதான் அறிவியல்.

சோதனைக்கு இரண்டு இடங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, அமெரிக்காவின் கூடைப்பந்து உலகம். மற்றொன்று, கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையில் உள்ள ஆடுதுறை. முதல் இடத்தில் இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டாவது இடத்தில் நெற்பயிரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டிலும் கேள்வி ஒன்றே: இன்று பார்ப்பதை வைத்து நாளை வருவதைச் சொல்ல முடியுமா?

கடைமடைக்கு முதல் தண்ணீர்

அமெரிக்காவில் என்.பி.ஏ. என்ற தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கம் இருக்கிறது. அதில் 30 அணிகள். ஆண்டுக்கு ஒரு முறை அந்த அணிகள் எல்லாம் கூடி, புதிய ஆட்டக்காரர்களை ஒருவர் பின் ஒருவராகப் பொறுக்கி எடுக்கின்றன. இதற்கு 'டிராஃப்ட்' என்று பெயர். இரண்டு சுற்றுகள், மொத்தம் சுமார் 60 பேர். இது விலை கூறும் ஏலம் அல்ல. நம் ஊரில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவது போல, முறை வந்த அணி தனக்கு வேண்டியவரை எடுத்துக்கொள்ளும்.

வேடிக்கை என்னவென்றால், முந்தைய பருவத்தில் நிறையத் தோற்ற அணிகளுக்குத்தான் முன்னுரிமை. கடைமடைக்கு முதல் தண்ணீர்! பலமான அணியே மேலும் மேலும் பலம் பெற்றால் ஆட்டத்தில் சுவை இருக்காது அல்லவா?

ஆனால் தோற்றால் முதல் இடம் உறுதி என்றிருந்தால், வேண்டுமென்றே தோற்கவும் ஆசை வரும். அதனால் 1985ஆம் ஆண்டு முதல் குலுக்கலும் சேர்ந்தது. பின்னாளில் வந்த முறைப்படி, எண்ணிட்ட 14 பந்துகளிலிருந்து நான்கை எடுப்பார்கள். வரிசை பாராமல் நான்கை எத்தனை விதமாக எடுக்கலாம்? (14 × 13 × 12 × 11) ÷ (4 × 3 × 2 × 1) = 1001. ஒன்றைத் தள்ளிவிட்டு, மீதி 1000 சேர்க்கைகளை அணிகளுக்குப் பங்கிடுவார்கள். நிறையத் தோற்ற அணிக்கு அதிகம், மற்றவற்றுக்குக் குறைவு. 2014ஆம் ஆண்டில் கிளீவ்லாண்ட் அணியின் கையில் இருந்தவை 17 சேர்க்கைகள். 2025ஆம் ஆண்டில் டல்லாஸ் அணியின் கையில் 18. ஆயிரத்தில் பதினேழும் பதினெட்டும்! ஆனால் இரண்டு முறையும் முதல் இடம் அவர்களுக்கே விழுந்தது. கணிப்பவர்களின் கணக்கில் இதுவே முதல் தடங்கல்.

'இல்லை' என்று சொல்லும் சோதிடர்

டிராஃப்ட் நெருங்கும்போது, யார் யாரை எடுப்பார்கள் என்று பத்திரிகைகளில் பட்டியல் போடுவது அங்கே வழக்கம். அந்தப் பட்டியல் நல்லதா, கெட்டதா என்று எப்படி அளப்பது?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் கூடைப்பந்து ஆடும் மாணவர்கள் 5 லட்சத்துக்கும் மேல். அவர்களிடம் ஒரு சோதிடர் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். யார் கையை நீட்டினாலும், "உன்னை எடுக்க மாட்டார்கள்" என்கிறார். அவர் வாக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் பலித்துவிடும்! ஆனால் அதனால் யாருக்கு என்ன பயன்?

அரிதாக நடக்கும் ஒன்றைக் கணிக்கும்போது, எத்தனை முறை சரியாகச் சொன்னார் என்று மட்டும் எண்ணக் கூடாது. எடுக்கப்பட்ட 60 பேரில் எத்தனை பேரை முன்கூட்டியே சொன்னார் என்று எண்ண வேண்டும். மழை, வெள்ளம், நோய் ஆகியவற்றைக் கணிப்பவர்களுக்கும் இதே விதிதான்.

உப்புத் தண்ணீரில் மிதக்காத விதை

கணிப்பவர்கள் எதையெல்லாம் பார்க்கிறார்கள்? காலணி இல்லாமல் உயரம், விரித்த கைகளின் நீளம், எம்பிக் குதிக்கும் அளவு, வயது, ஆட்டங்களில் எடுத்த புள்ளிகள். இவற்றுள் முதலில் கண்ணில் படுவது உயரம். என்.பி.ஏ. ஆட்டக்காரர்களின் சராசரி உயரமே ஏறக்குறைய 198 செ.மீ.

நம் நாட்டுப் பிள்ளை ஒருவரும் இந்தப் பட்டியலில் இடம் பெற்றார். பஞ்சாபில் பல்லோ கே என்ற கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த சத்னம் சிங். உயரம் 7 அடி 2 அங்குலம், அதாவது சுமார் 218 செ.மீ. லூதியானாவில் பயிற்சி பெற்று, பிறகு அமெரிக்கா சென்றார். 2015ஆம் ஆண்டு ஜூன் மாதம் டல்லாஸ் அணி அவரை 52ஆவது ஆளாக எடுத்தது. இந்தியாவில் பிறந்து என்.பி.ஏ. டிராஃப்டில் இடம் பெற்ற முதல் ஆட்டக்காரர் அவரே. நாடே மகிழ்ந்தது. ஆனால் என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில்கூட அவர் களம் இறங்கவில்லை.

அவ்வளவு உயரம் இருந்தும் ஏன் என்று கேட்பீர்கள். இதற்கு நம் வீட்டு விதைநெல்லிடம் பாடம் கேட்கலாம்.

விதைநெல்லைப் பொறுக்க உப்புத் தண்ணீரில் போடும் முறை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஒரு கோழிமுட்டை மிதந்து, அதன் மேல்பகுதி காசளவு வெளியே தெரியும் வரை தண்ணீரில் உப்பைக் கரைப்பார்கள். அதில் நெல்லைக் கொட்டினால் பதரும் அரைகுறை மணியும் மிதக்கும். கனத்த மணி அடியில் தங்கும். மிதப்பதை அரித்து எறிந்துவிட்டு, தங்கியதை நல்ல தண்ணீரில் கழுவி விதைப்பார்கள்.

இது நல்ல சோதனைதான். ஆனால் அடியில் தங்கிய மணிகளைக் கையில் எடுத்து, 'இவற்றுள் எது நன்றாக விளையும்?' என்று கேட்டால், எடை அதிக உதவி செய்யாது. ஏனெனில் அவை எல்லாமே கனத்த மணிகள். எந்தச் சல்லடையில் சலித்தோமோ அதே சல்லடையால் மீண்டும் பிரிக்க முடியாது. என்.பி.ஏ.யில் உயரத்தின் கதையும் இதுதான். வாசல் வரை வர உயரம் உதவுகிறது. உள்ளே எல்லாரும் உயரமானவர்களே!

ஒரு கேள்வி அல்ல, இரண்டு

'யாரை எடுப்பார்கள்?' என்பது ஒரு கேள்வி. 'யார் சிறந்து விளங்குவார்?' என்பது வேறு கேள்வி. நாம் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம்.

முதல் கேள்விக்கு விடை சொல்ல, அணியின் தேவையும் தெரிய வேண்டும். தாழ்ந்த வயலுக்கு வெள்ளம் தாங்கும் ரகம் தேடுவோம். தண்ணீர் குறைந்த இடத்துக்குக் குறுகிய கால ரகம் தேடுவோம். அணிகளும் அப்படித்தான். 1984ஆம் ஆண்டில் போர்ட்லாண்ட் அணிக்கு இரண்டாவது முறை கிடைத்தது. அவர்களிடம் கிளைட் டிரெக்ஸ்லர் என்ற விரைவான ஆட்டக்காரர் ஏற்கெனவே இருந்தார். வேண்டியது ஓர் உயரமான நடு ஆட்டக்காரர். எனவே சாம் போவி என்பவரை எடுத்தார்கள். அவர்கள் விட்டவரை அடுத்த முறையில் சிகாகோ அணி எடுத்துக்கொண்டது. அவர் பெயர் மைக்கேல் ஜோர்டன்! சிகாகோவுக்கு ஆறு முறை வெற்றிக் கோப்பையைத் தேடித் தந்தார். போவியையோ கால் எலும்பு முறிவுகள் வாட்டின.

2007ஆம் ஆண்டில் கெவின் டுராண்ட் என்ற இளைஞர், சோதனைக்கு வைத்த சுமார் 84 கிலோ எடையை மல்லாந்து படுத்து ஒரு முறைகூடத் தூக்க முடியாமல் விட்டுவிட்டார். நல்ல வேளையாக, அதற்காக அவரைத் தள்ளிவிடவில்லை; இரண்டாவது ஆளாக எடுத்தார்கள். 2014ஆம் ஆண்டில் அவரே சங்கத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர். அதே 2014ஆம் ஆண்டு டிராஃப்டில் 41ஆவதாக எடுக்கப்பட்டவர் செர்பியா நாட்டு நிகோலா யோகிச். தமக்கு முன் 40 பெயர்கள் சென்ற அவர், 2021, 2022, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளில் அந்தச் சிறப்பைப் பெற்றார்.

அப்படியானால் தேர்வெல்லாம் வீணா? இல்லை. மொத்தமாகக் கணக்குப் பார்த்தால், முன்னே எடுக்கப்பட்டவர்கள் பின்னே எடுக்கப்பட்டவர்களைவிடச் சராசரியில் நன்றாகவே ஆடுகிறார்கள். பழமொழி கூட்டத்துக்கு ஓரளவு பொருந்துகிறது. தனி ஒருவரிடம் வரும்போது தடுமாறுகிறது.

வரப்போரத்துச் செடி ஏமாற்றும்

இப்போது ஆடுதுறைக்கு வருவோம். இங்கே 1922ஆம் ஆண்டில் தொடங்கிய நெல் ஆராய்ச்சிப் பண்ணைதான் இன்றைய தமிழ்நாடு நெல் ஆராய்ச்சி நிலையம். ஐ.ஆர்.50ஐயும் மேம்படுத்தப்பட்ட வெள்ளைப் பொன்னியையும் ஒட்டுச் சேர்த்து, 1998ஆம் ஆண்டில் வெளிவந்த ஏ.டி.டி.43 போன்ற பல ரகங்களின் பிறப்பிடம் இது.

இரண்டு ரகங்களை ஒட்டுச் சேர்த்தால் இரண்டாம் தலைமுறையில் பலவிதச் செடிகள் தோன்றும். நெட்டை, குட்டை, முன்னே பூப்பது, பின்னே பூப்பது என்று ஆயிரக்கணக்கில் நிற்கும். எதை எடுப்பது?

உலகப் புகழ் பெற்ற ஐ.ஆர்.8 நெல்லின் கதையைப் பாருங்கள். 1962ஆம் ஆண்டில் பிலிப்பைன்ஸ் நாட்டில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில், இந்தோனேசியாவின் நெட்டை ரகம் ஒன்றையும் தைவானின் குட்டை ரகம் ஒன்றையும் சேர்த்தார்கள். கிடைத்த விதைகள் 130. அவற்றின் அடுத்த தலைமுறையில் சுமார் 10,000 செடிகள். மெண்டல் சொன்னபடியே நான்கில் மூன்று பங்கு நெட்டை. அவற்றையெல்லாம் தள்ளிவிட்டுக் குட்டையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். கூடைப்பந்துக்கு நேர் எதிர்! நெட்டைப் பயிர் உரம் போட்டால் சாய்ந்துவிடும் அல்லவா? பின்வந்த தலைமுறைகளில் 288ஆம் வரிசையின் மூன்றாவது செடியிலிருந்து வந்ததே 1966ஆம் ஆண்டில் வெளியான ஐ.ஆர்.8. அதற்கும் குறை இருந்தது: விளைச்சல் ஏராளம், சோறு ருசிக்கவில்லை.

உயரத்தைத் தனிச் செடியில் பார்த்தே சொல்லிவிடலாம். ஆனால் விளைச்சலை அப்படிச் சொல்ல முடியாது. வரப்போரத்துச் செடிக்கு வெயிலும் காற்றும் அதிகம், செழித்து நிற்கும். அது செடியின் குணமா, இடத்தின் குணமா? அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் ஓர வரிசையை விட்டுவிட்டு அளக்கிறார்கள். ஒரே ரகத்தைப் பல பாத்திகளில், பல ஊர்களில், பல பருவங்களில் நட்டுப் பார்க்கிறார்கள். ஒட்டுச் சேர்த்ததிலிருந்து ரகம் வெளிவரப் பத்து ஆண்டுகள் ஆவதும் உண்டு. முளையிலே சொல்லிவிட அவர்கள் அவசரப்படுவதில்லை.

முந்தி விதைத்த நாற்று

மனிதர்களைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தப் பொறுமை குறைந்துவிடுகிறது. ஒரே காலை நேரத்தில் ஓடச் சொல்லி, தாண்டச் சொல்லி, பட்டியல் போட்டுவிடுகிறோம்.

அதில் இன்னொரு பிழையும் ஒளிந்திருக்கிறது. ஒரு நாற்றங்காலின் பாதியில் இன்றும், மறுபாதியில் பத்து நாள் கழித்தும் விதைத்தால், இருபதாம் நாளில் முதல் பாதி உயர்ந்து நிற்கும். விதை உயர்ந்ததா? இல்லை, விதைத்த நாள் முந்தியது. கனடாவில் பனித்தரை ஹாக்கி ஆடும் சிறுவர்களை ஜனவரி 1ஐ எல்லையாக வைத்து வயதுப் பிரிவு செய்வார்கள். ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் சகாக்களுடன் 1985ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். சிறந்த இளைஞர் அணிகளில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பிறந்தவர்கள் மிக அதிகம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பிறந்தவர்கள் மிகக் குறைவு என்று அதில் காட்டினார். சில மாத மூப்பைத் திறமை என்று எண்ணிவிட்டார்கள். எடுக்கப்பட்டவர்களுக்கு நல்ல பயிற்சி கிடைத்தது. அதனால் வித்தியாசம் மேலும் வளர்ந்தது. விடப்பட்ட சிறுவர்களில் பலர் ஆட்டத்தையே விட்டுவிட்டார்கள்.

தஞ்சாவூரில் விளையாட்டு விடுதித் தேர்வுக்கு நிற்கும் ஏழாம் வகுப்பு மாணவருக்கும் இது பொருந்தும். பட்டியலில் பெயர் வரவில்லை என்றால், அன்று எடுத்த அளவில் அவர் பின்னால் இருந்தார் என்று மட்டுமே பொருள். வேறு பாத்தியில், வேறு பருவத்தில் அவரை இன்னும் யாரும் நட்டுப் பார்க்கவில்லை.

நீங்களே செய்து பாருங்கள்

உங்கள் பள்ளி அணிகளில் உள்ளவர்களின் பிறந்த மாதங்களைக் கேட்டு எழுதுங்கள். வயதுப் பிரிவுக்கு எந்த நாளை எல்லையாக வைக்கிறார்கள் என்று உடற்கல்வி ஆசிரியரிடம் கேளுங்கள். அந்த நாளிலிருந்து மூன்று மூன்று மாதங்களாக நான்கு பிரிவுகள் செய்து, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். பிறகு உங்கள் வகுப்பு மாணவர்கள் எல்லாரையும் அதே போல எண்ணி, இரண்டையும் ஒப்பிடுங்கள். பத்துப் பேரை வைத்து முடிவு சொல்லாதீர்கள்; பக்கத்துப் பள்ளிகளையும் சேர்த்துக்கொண்டு நூறு பேராவது வரட்டும்.

முதல் பிரிவில் கூட்டம் நிறைய இருந்தால், உங்கள் ஊர் நாற்றங்காலிலும் முந்தி விதைத்ததைத்தான் பறித்து நட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். கண்டதை ஆசிரியரிடம் காட்டுங்கள். எங்களுக்கும் எழுதுங்கள்.