பட்டன் போனா, தொடுதிரைப் போனா? சிறு விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

செய்யூர்ப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் மணிலா பயிரிடும் உழவர் ஒருவர், சென்னை பெசன்ட் நகரில் காவலாளியாக வேலை பார்க்கும் மகனைப் பார்க்க வந்திருந்தார். கையில் 2018-ல் வாங்கிய ஜியோபோன். "பேச்சு நன்றாகத்தான் கேட்கிறது. வாட்ஸ்அப்தான் போய்விட்டது. வியாபாரி காய் விலை அனுப்புவது அதில்தான். கடைக்காரர் தொடுதிரைப் போன் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?" என்று கேட்டார். நம் உழவர்களில் பலருக்கும் இதே சங்கடம் இருக்கிறது.

அவர் மகன் காவல் இருக்கும் இடத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் ராஜாஜி பவன் இருக்கிறது. தேசிய தகவலியல் மையத்தின் தமிழகப் பிரிவு அங்கே செயல்படுகிறது. நிலப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் மென்பொருளைச் செய்து கொடுத்தது இந்த மையமே. தாலுகா அலுவலகத்துக்கு நடையாய் நடந்து வாங்கிய பட்டா, சிட்டா நகலை இன்று கைபேசியிலேயே பார்க்கலாம். ஆகவே எந்தப் போன் என்பது இப்போது வெறும் பேச்சு விஷயம் அல்ல.

முதலில் ஒன்றைத் தெரிந்து கொள்ள வேண்டும். போனின் மேல் ஓடு எப்படி இருந்தாலும், உள்ளே அதை நடத்தும் மென்பொருள் ஒன்று உண்டு. இயங்குதளம் என்பார்கள். மண்ணுக்கு ஏற்ற இரகம்தான் விளையும் என்பது போல, இயங்குதளத்துக்கு ஏற்ற செயலிதான் அதில் ஓடும்.

2017-ல் வந்த ஜியோபோனில் இருப்பது கைஓஎஸ். ரூ.1,500 முன்பணம் கட்டி வாங்கிய கருவி. திரை 2.4 அங்குலம். 2021 நவம்பர் 4-ந் தேதி, தீபாவளியன்று வந்த ஜியோபோன் நெக்ஸ்டில் இருப்பது பிரகதி ஓஎஸ். பெயர் புதிதே தவிர, அடியில் இருப்பது கூகிளின் ஆண்ட்ராய்டுதான். திரை 5.45 அங்குலம், வந்தபோது விலை ரூ.6,499. நம் கணக்கில் சொன்னால், ஒன்று ஒரு மூட்டை டிஏபி விலைக்குக் கொஞ்சம் மேல். மற்றது ஐந்து மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு.

வயலில் எது உழைக்கும்?

மோட்டார் கொட்டகைக்கு இரவில் போகிறவருக்குப் பட்டன் போன் வசதி. சேற்றுக் கையோடும் எண்ணை அழுத்தலாம். தொடுதிரையோ ஈரக் கையை மதிப்பதில்லை. பட்டன் போனில் மின்கலம் 2,000 எம்ஏஎச்தான் என்றாலும், சிறிய திரை ஆதலால் கூடுதல் நேரம் தாங்கும். தொடுதிரைப் போனில் 3,500 இருந்தும், படம் பார்க்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் தினமும் சார்ஜ் ஏற்ற வேண்டியதே.

ஆனால் இலையில் டிக்கா புள்ளியா, துரு நோயா என்று வேளாண் அலுவலரிடம் கேட்கப் படம் எடுத்தால் பட்டன் போன் கைவிட்டுவிடும். அதன் 2 மெகாபிக்சல் படத்தில் எல்லாப் புள்ளியும் ஒன்று போலவே தெரியும். நெக்ஸ்டில் 13 மெகாபிக்சல். எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களுக்குத் திரையில் உள்ளதை உரக்கப் படித்துக் காட்டும் வசதியும் அதில் உண்டு.

2018 ஏப்ரலில் தமிழக அரசு கொண்டுவந்த உழவன் செயலி ஆண்ட்ராய்டில் ஓடும், கைஓஎஸ்ஸில் ஓடாது. மானியப் பதிவு, வாடகை இயந்திரம், சந்தை விலை எல்லாம் அதில் இருக்கின்றன. பி.எம். கிசான் திட்டத்துக்கு முகத்தைக் காட்டிச் சரிபார்க்கும் முறை 2023-ல் வந்ததே, அதற்கும் ஆண்ட்ராய்டு வேண்டும். ஆதாரில் சேர்த்த எண்ணுக்கு வரும் ஓடிபி மூலம் சரிபார்ப்பதானால், குறுஞ்செய்தி வருகிற எந்தப் போனும் போதும்.

வாட்ஸ்அப் ஏன் போயிற்று?

உழவர் தன் போன் கெட்டுவிட்டதாகவே நினைத்திருந்தார். கருவியில் பழுது ஏதும் இல்லை. ஜியோபோனுக்கு வாட்ஸ்அப் 2018 செப்டம்பரில் வந்தது. 2024 ஜூன் முதல் கைஓஎஸ்ஸில் அதைப் புதிதாக இறக்க முடியாமல் செய்தார்கள். 2025 தொடக்கத்தில், ஏற்கனவே வைத்திருந்தவர்களுக்கும் நிறுத்திவிட்டார்கள். வாங்கியவர் கையில் இதற்கு மருந்து கிடையாது.

இது புதுக் கதையும் அல்ல. 2014 ஆகஸ்டில் இன்டெக்ஸ் நிறுவனம் ரூ.1,999-க்கு ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ் போன் ஒன்றை விற்றது. அடுத்த மாதமே ரூ.6,399-க்கு ஆண்ட்ராய்டு ஒன் போன்கள் வந்தன. மலிவு போனை நம்பி வாங்கியவர்கள், 2015 டிசம்பரில் மொசில்லா நிறுவனம் கைபேசித் தொழிலை விட்டதும் திகைத்துப் போனார்கள். அந்த ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ்ஸின் வழியில் வந்ததுதான் கைஓஎஸ். விலை குறைந்த இயங்குதளத்துக்குச் செயலி எழுதுகிறவர்களும் குறைவு. அவர்கள் விலகும்போது நம்மைக் கேட்பதும் இல்லை. ஆண்ட்ராய்டிலும் மிகப் பழைய பதிப்புகளை இப்படித்தான் கழித்துக்கட்டுகிறார்கள். ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் கூடுதலாகப் பிடிக்கிறது.

தொடுதிரைக்கு வேறோர் ஆபத்து உண்டு. பி.எம். கிசான் பெயரைச் சொல்லி ஏபிகே கோப்பு அனுப்புகிறார்கள். தொட்டால் போனே திருடன் கைக்குப் போய், வங்கிப் பணமும் போகும். பட்டன் போனில் அந்தக் கோப்பு ஓடாது. எனவே வாட்ஸ்அப்பில் யார் அனுப்பினாலும் இத்தகைய கோப்பைத் திறக்கக் கூடாது. உழவன் செயலியைப் பிளே ஸ்டோரிலிருந்து மட்டுமே இறக்க வேண்டும்.

மேற்கண்ட இரண்டும் இன்று பெரும்பாலும் கைமாறிய கருவிகளாகவே கிடைக்கின்றன. புதிதாக வேண்டுவோருக்கு, 2023 ஜூலையில் ரூ.999-க்கு வந்த ஜியோ பாரத் போன்ற பட்டன் வகையும், பல கம்பெனிகளின் விலை குறைந்த ஆண்ட்ராய்டு வகையும் இருக்கின்றன. ஜியோபோனைப் போலவே ஜியோ பாரத்திலும் வேறு கம்பெனி சிம் வேலை செய்யாது. உங்கள் வயலில் எந்தக் கோபுரத்தின் சிக்னல் கிடைக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

பேசவும், ஓடிபி பார்க்கவும், கிசான் கால் சென்டரின் 1800-180-1551 எண்ணில் பயிர்ச் சந்தேகம் கேட்கவும் மட்டும் என்றால் பட்டன் போனே போதும். இணையம் இல்லாத போனிலும் யுபிஐ 123பே மூலம் ஒரு தடவைக்கு ரூ.10,000 வரை அனுப்ப இயலும். விலை பார்த்து விற்கவும், மானியத்துக்கு நீங்களே பதியவும் விரும்பினால், வீட்டுக்கு ஒரு ஆண்ட்ராய்டு தேவைதான்.

செய்யூர் உழவருக்கு நான் சொன்னது இதுதான்: பழைய போனை எறிய வேண்டாம், ஆதார் எண்ணுள்ள சிம் அதிலேயே இருக்கட்டும். தொடுதிரைப் போனை வீட்டில் பொதுவாக வைத்து, வேறு சிம் போட்டுக்கொள்ளுங்கள். பழைய சிம்மையே மாற்றிப் போட்டால், ஜியோபோனுக்கென்று செய்த ரீசார்ஜ் புதுக் கருவியில் செல்லாது. இதை அறியாமல் பணம் கட்டி ஏமாந்தவர்கள் உண்டு. பழைய ஆண்ட்ராய்டு வாங்குவதானால், கடையிலேயே உங்கள் சிம்மைப் போட்டு, உழவன் செயலியை இறக்கித் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால், அரை விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.